பாய்மரப் படகின் அளவு

பாய்மரப் படகின் அளவு என்பது, பாயின் மூலம் காற்றின் விசையால் செலுத்தப்படும் ஒரு படகு சிறியதா பெரியதா என்பதைத் தீர்மானிக்கப் பயன்படும் அளவீடுகளைக் குறிக்கும். நீளம், அகலம், எடை, பாயின் பரப்பு, சரக்குக் கொள்ளளவு, செலுத்தத் தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. "பெரிய படகு" என்பதற்கு உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரே வரையறை இல்லை. படகின் உரிமையாளர், அதைச் செலுத்துபவர், துறைமுக நிருவாகம், அரசு ஆகிய ஒவ்வொரு தரப்பும் தத்தம் தேவைக்கேற்ப வெவ்வேறு அளவுகோல்களைக் கொள்கின்றது. ஆயினும் உரிமையாளர்கள் பயன்படுத்தும் அளவுகோல்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து முடிகின்றன: தம்மிடம் உள்ள ஆட்களைக் கொண்டு, தமது கரையிலும் தாம் செல்லும் கடலிலும் இப்படகைப் பாதுகாப்பாகக் கையாள முடியுமா என்பதே அக்கேள்வி.

பழந்தமிழ்ப் பெயர்கள்

தமிழில் நீரில் செல்லும் கலங்களுக்கு அம்பி, ஓடம், தோணி, நாவாய், வங்கம், கலம் எனப் பல பெயர்கள் வழங்கிவந்துள்ளன. இவற்றுள் அம்பி, ஓடம் போன்றவை ஆறுகளிலும் கழிகளிலும் செல்லும் சிறு கலங்களையும், நாவாய், வங்கம் ஆகியவை கடல் கடந்து செல்லும் பெருங்கலங்களையும் பொதுவாகக் குறித்தன. அளவை எண்ணால் கூறாமல், கலம் எங்கே செல்கின்றது என்பதைக் கொண்டு வேறுபடுத்தும் முறை இதில் காணப்படுகின்றது.

விழுப்புரமும் திண்டிவனமும் இன்று உள்நாட்டு நகரங்களாக இருந்தாலும் இப்பகுதிக்குக் கடலுடன் நீண்ட தொடர்பு உண்டு. சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனான ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர்களுள் ஒன்றாகிய கிடங்கில், இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியாக உள்ளது. அதே நூலில் கூறப்படும் எயிற்பட்டினம், திண்டிவனத்துக்குக் கிழக்கே கடற்கரையில் உள்ள மரக்காணம் பகுதியில் இருந்ததாகக் கருதப்படுகின்றது.

கரையும் படகின் அளவும்

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரை மரக்காணம் பகுதியிலிருந்து புதுச்சேரி எல்லை வரை ஏறத்தாழ 40 கி.மீ. நீளமுள்ளது. எக்கியார்குப்பம், கூனிமேடு, பொம்மையார்பாளையம் முதலிய மீனவ ஊர்கள் இக்கரையில் அமைந்துள்ளன. இது நேரான மணற்கரை. கப்பல் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் இங்கு இல்லை. அலைகள் கரைக்கு அருகில் உடைவதால், கடலுக்குள் செல்லும் படகு ஒவ்வொன்றும் அவ்வலைகளைக் கடந்தே போகவும் வரவும் வேண்டும். திரும்பி வந்த படகை மணலில் ஏற்றி வைக்கவும் வேண்டும்.

இத்தகைய கரையில் படகின் அளவுக்கு இயல்பான ஒரு மேல் எல்லை உண்டு. படகில் சென்றவர்களும் கரையில் உள்ள சிலரும் சேர்ந்து மணலில் இழுத்து ஏற்றக்கூடியது சிறிய படகு. அவ்வாறு ஏற்ற முடியாமல் துறைமுகத்தையோ முகத்துவாரத்தையோ நாடவேண்டியது பெரிய படகு. சோழமண்டலக் கரை முழுவதும் கட்டுமரம் பரவியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். கட்டுமரம் மென்மரத் துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்யப்படுவது. அலை அதன் மேல் ஏறினாலும் நீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். எனவே அது நீர் நிறைந்து மூழ்குவதில்லை. கரைக்கு வந்தபின் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே சுமந்து சென்று உலர்த்த முடியும். மரங்களின் எண்ணிக்கையும் நீளமும் கூடக்கூடக் கட்டுமரம் பெரியதாகும். கோலா மீன் பிடிப்பதற்காக ஆழ்கடலுக்குச் சென்ற கோலாமரம் இவ்வகையில் பெரியதாகும். ஆங்கிலத்தில் இரட்டை உடல் படகைக் குறிக்கும் "கேட்டமரான்" என்னும் சொல் கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்தே பெறப்பட்டது.

துறைமுகம் இல்லாத காலத்தில் சென்னையிலும் புதுச்சேரியிலும் இதே எல்லை வணிகத்தையும் கட்டுப்படுத்தியது. ஐரோப்பியக் கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. ஆட்களும் சரக்கும் மசூலா அல்லது சலங்கு எனப்பட்ட படகுகளில் கரைக்குக் கொண்டுவரப்பட்டன. இப்படகுகளின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தமையால் அலையின் மோதலுக்கு வளைந்து கொடுத்தன.

2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலைக்குப் பின்னர் இக்கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. பாய்க்குப் பதிலாக வெளிப்பொருத்து எந்திரம் இடம்பிடித்தது. எனினும் பழைய எல்லை முற்றிலும் மறையவில்லை. இப்படகுகளும் மணலில் ஏற்றப்படுபவையே. சில ஊர்களில் ஆட்களுக்குப் பதிலாக டிராக்டர் இழுக்கின்றது. இழுக்கும் விசை கூடியதால் கரையேற்றத்தக்க படகின் அளவும் கூடியது.

ஆள் கணக்கு

படகின் அளவை அதைச் செலுத்தத் தேவைப்படும் ஆட்களைக் கொண்டு கூறுவது மிகப் பழைய முறையாகும். இலங்கையின் மேற்குக் கரையில் பயன்பட்ட, பக்கமிதவை பொருத்திய ஒருவ எனப்படும் பாய்மரப் படகுகளில் காற்றின் வலிமையே ஆள் கணக்கில் கூறப்பட்டது. காற்று வலுத்துப் படகு சாயும்போது மாலுமி ஒருவர் மிதவையைத் தாங்கும் கழியின் மீது சென்று நின்று சமன் செய்வார். ஒருவர் போதுமானால் அது "ஒரு ஆள் காற்று", இருவர் தேவைப்பட்டால் "இரண்டு ஆள் காற்று" எனப்பட்டது.

இன்றைய பொழுதுபோக்குப் பாய்மரப் படகு உரிமையாளர்களும் இதே கணக்கையே வேறு வகையில் செய்கின்றனர். அவர்கள் பொதுவாகக் கருத்தில் கொள்பவை பின்வருமாறு:

* முதன்மைப் பாயை ஒருவர் கையால் ஏற்றி இறக்க முடியுமா?
* எந்திரம் பழுதானால் நங்கூரத்தைக் கையால் தூக்க முடியுமா?
* காற்று திடீரென வலுத்தால் பாயின் பரப்பைக் குறைக்க எத்தனை ஆட்கள் வேண்டும்?
* துறையில் கட்டும்போது படகைக் காலாலோ கையாலோ தள்ளி நிறுத்த முடியுமா?
* ஆண்டுதோறும் அடிப்பாகத்தைச் சுரண்டி வண்ணம் பூசும் வேலையை உரிமையாளரே செய்ய முடியுமா?

இக்கேள்விகளுக்கு "ஆம்" என்னும் விடை கிடைக்கும்வரை படகு உரிமையாளருக்குச் சிறியது. ஒரு கட்டத்தில் மின் சுழலிகளும் சம்பளத்துக்கு ஆட்களும் தேவைப்படுகின்றன. அக்கட்டத்தில் அது பெரிய படகாகின்றது. இருவர் மட்டும் பயணம் செய்யும் படகுகளுக்கு ஏறத்தாழ 40 அடி (12 மீட்டர்) நீளம் இவ்வெல்லையாகப் பலராலும் கூறப்படுகின்றது. ஆயினும் பாயைச் சுருட்டும் கருவி, மின் சுழலி போன்றவை வந்தபின் இவ்வெல்லை மேல்நோக்கி நகர்ந்துள்ளது.

நீளம், எடை, வேகம்

படகுகளை ஒப்பிட நீளமே பெரிதும் பயன்படுகின்றது. ஆனால் நீளத்தைக் கொண்டு மட்டும் படகின் உண்மையான அளவை அறிய இயலாது. ஒரே வடிவமுள்ள இரு படகுகளில் ஒன்று 9 மீட்டரும் மற்றொன்று 18 மீட்டரும் நீளமுள்ளவை எனக் கொள்வோம். நீளம் 2 மடங்கு ஆகும்போது பாயின் பரப்பு 4 மடங்காகவும், எடை 8 மடங்காகவும் உயர்கின்றது. பாயைக் கட்டுப்படுத்தும் கயிற்றில் விழும் விசையும் பாயின் பரப்புடன் சேர்ந்து கூடும். இதனால்தான் நீளத்தில் சில அடிகள் கூடுவதும் கையாளுவதில் பெரும் வேறுபாட்டை உண்டாக்குகின்றது.

மறுபுறம், பெரிய படகுக்குச் சில நன்மைகளும் உண்டு. மேற்கூறிய எடுத்துக்காட்டில், அதே காற்றில் படகைச் சாய்க்கும் திருப்புத்திறன் 8 மடங்கு கூடும். நிமிர்த்தும் திருப்புத்திறனோ 16 மடங்கு கூடும். எனவே பெரிய படகு குறைவாகவே சாயும்.

நீரை இடம்பெயர்த்துச் செல்லும் படகின் வேகமும் நீளத்தைச் சார்ந்தது. படகு தானே எழுப்பும் அலையின் நீளம் அதன் நீர்க்கோட்டு நீளத்துக்குச் சமமாகும்போது, அதற்குமேல் வேகம் கூட்டுவது கடினமாகின்றது. அடியில் அளந்த நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் இவ்வேகம் கடல்மைல்/மணி என்னும் அலகில் கிடைக்கும்:

* 25 அடி: 6.7 கடல்மைல்/மணி
* 36 அடி: 8.0 கடல்மைல்/மணி
* 49 அடி: 9.4 கடல்மைல்/மணி

நீரின் மேற்பரப்பில் எழும்பிச் சறுக்கும் இலகுவான படகுகளுக்கும் ஒடுங்கிய இரட்டை உடல் படகுகளுக்கும் இவ்விதி பொருந்தாது.

சரக்குக் கொள்ளளவு

வணிகப் பாய்மரக் கலங்களின் உரிமையாளர்களுக்கு நீளத்தைவிடக் கொள்ளளவே முதன்மையானது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலைத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற மரத்தோணிகள் டன் கணக்கிலேயே பேசப்படுகின்றன. இத்தோணிகளில் பின்னர் எந்திரங்கள் பொருத்தப்பட்டன. இருப்பினும் இந்தியாவின் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம், பாயின் மூலம் மட்டுமே செல்வதற்குப் போதிய பாய்ப் பரப்பு உள்ள கலத்தை, எந்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "பாய்க்கலம்" என வரையறுத்தது.

கப்பல்களின் பதிவில் கூறப்படும் டன், எடையைக் குறிப்பதன்று, கொள்ளிடத்தைக் குறிப்பது. பழைய முறையில் ஒரு பதிவு டன் 100 கன அடிக்கு (ஏறத்தாழ 2.83 கன மீட்டர்) சமமாகும். பழங்கால ஐரோப்பாவில் கப்பல் ஏற்றக்கூடிய மதுப் பீப்பாய்களின் எண்ணிக்கையிலிருந்து இவ்வழக்கம் தோன்றியது.

இடத்துக்கேற்ப அளவின் பொருள் மாறுவதற்கு யாழ்ப்பாணத்தின் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் கப்பல் சிறந்த எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 89 அடி நீளமுள்ள இப்பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கி, புளோரன்ஸ் சி. ராபின்சன் எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் அதைச் செலுத்திச் சென்று 1938இல் அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் உள்ள குளொசுட்டர் துறைமுகத்தை அடைந்தனர். சொந்த ஊரில் பெருங்கப்பலாக விளங்கிய அது, அத்திலாந்திக் பெருங்கடலைக் கடந்த கப்பல்களின் வரிசையில் மிகச் சிறியதாகும்.

போட்டிப் படகுகளும் உலகைச் சுற்றிய படகுகளும்

தமிழகத்தில் பொழுதுபோக்குப் பாய்மரப் படகோட்டத்தின் மையமாகச் சென்னை விளங்குகின்றது. இராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் சென்னைத் துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவரால் தொடங்கப்பட்டது. இங்கு பயிலும் சிறுவர்கள் தொடங்கும் ஆப்டிமிஸ்ட் வகைப் படகு ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளமே உள்ளது. லேசர் வகை ஏறத்தாழ 4.2 மீட்டரும், இருவர் செலுத்தும் 49இஆர் வகை ஏறத்தாழ 5 மீட்டரும் நீளமுள்ளவை. டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் (2021இல் நடைபெற்றது) நேத்ரா குமணன், விஷ்ணு சரவணன் ஆகியோர் லேசர் வகைகளிலும், கே. சி. கணபதி, வருண் தக்கர் ஆகியோர் 49இஆர் வகையிலும் பங்கேற்றனர். உலகப் பெரும்படகுப் போட்டிகளில் "மேக்சி" எனப்படும் பிரிவு 60 அடியில் (18.29 மீட்டர்) தொடங்குகின்றது. சிட்னி - ஹோபார்ட் போட்டியில் அனுமதிக்கப்படும் மிகக்கூடிய நீளம் 100 அடி.

இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ்.வி. தாரிணி 56 அடி (17 மீட்டர்) நீளமுள்ளது. 2017-18இல் ஆறு பெண் அதிகாரிகள் இதில் உலகைச் சுற்றி வந்தனர். பின்னர் 2024 அக்டோபர் 2 முதல் 2025 மே வரை, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் இருவர் மட்டுமே இதே படகில் உலகைச் சுற்றி முடித்தனர். படகு மாறவில்லை, ஆனால் ஆட்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தபோது ஒவ்வொருவர் பங்கிலும் அது மூன்று மடங்கு பெரிய படகாயிற்று. அதே கடற்படையின் பயிற்சிக் கப்பலான ஐ.என்.எஸ். தரங்கிணி 54 மீட்டர் நீளமுள்ளது. அதனுடன் ஒப்பிட்டால் தாரிணி சிறியதே.

நில்லாமல் தனியொருவராக முதன்முதலில் உலகைச் சுற்றிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் (1968-69) பயன்படுத்திய சுகைலி, மும்பையில் கட்டப்பட்ட 32 அடிப் படகாகும். இதன் மாதிரியில் அமைந்த துரியா என்னும் படகில் 2018ஆம் ஆண்டு கோல்டன் குளோப் போட்டியில் கலந்துகொண்ட அபிலாஷ் டாமி, தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கினார். பாய்மரம் முறிந்தது, முதுகில் காயமடைந்த அவர் மீட்கப்பட்டார். 2022-23இல் மீண்டும் அதே போட்டியில் 36 அடிப் படகில் கலந்துகொண்டு இரண்டாம் இடம் பெற்றார்.

அளவும் பாதுகாப்பும்

1979ஆம் ஆண்டு பிரித்தானியாவில் நடைபெற்ற பாஸ்ட்நெட் போட்டியில் 303 படகுகள் கலந்துகொண்டன. புயலில் சிக்கி 15 போட்டியாளர்கள் உயிரிழந்தனர். சிறிய படகுகளே மிகுந்த சேதமடைந்தன. இதையடுத்து இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில் மாதிரிப் படகுகளைக் கொண்டு சோதனைகள் செய்யப்பட்டன. உடையும் அலையின் உயரம் படகு நீளத்தின் 30 விழுக்காடு இருந்தால், அது பக்கவாட்டில் தாக்கும்போது சில படகுகள் கவிழும் என்றும், 60 விழுக்காடு இருந்தால் சோதித்த எல்லாப் படகுகளும் கவிழும் என்றும் அறியப்பட்டது.

இக்கணக்கின்படி 32 அடிப் படகுக்கு ஏறத்தாழ 2.9 மீட்டர் அலையில் ஆபத்து தொடங்குகின்றது. 56 அடிப் படகுக்கு ஏறத்தாழ 5.1 மீட்டர் அலையிலேயே அது தொடங்குகின்றது. ஆழ்கடல் செல்லும் உரிமையாளர்கள் பெரிய படகை விரும்புவதற்கு இது முக்கியக் காரணம். ஆனால் கையாள ஆளில்லாத பெரிய படகு இந்நன்மையை இழந்துவிடும். காற்று வலுக்குமுன் பாயைக் குறைக்க முடியாவிட்டால் படகின் நீளம் பயன் தராது. அலைக்கு ஏற்ற குறைந்த அளவுக்கும் ஆட்களுக்கு ஏற்ற கூடிய அளவுக்கும் இடைப்பட்ட நீளத்தையே உரிமையாளர்கள் தேடுகின்றனர்.

சட்ட எல்லைகள்

சட்டத்தில் "பெரிய" என்ற சொல்லுக்குப் பதில் எண்கள் இடம்பெறுகின்றன.

* 7 மீட்டர்: 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, இதற்குக் குறைந்த பாய்ப்படகு நிலையான விளக்குகளைக் காட்ட இயலாதபோது கைவிளக்கைக் காட்டினால் போதும்.
* 20 மீட்டர்: இதற்குக் குறைந்த பாய்ப்படகு பக்க விளக்குகளையும் பின்விளக்கையும் பாய்மரத்தின் உச்சியில் ஒரே விளக்காக இணைத்துக் காட்டலாம்.
* 24 மீட்டர்: ஐரோப்பிய ஒன்றியத்தின் பொழுதுபோக்குப் படகு நெறிமுறை 2.5 முதல் 24 மீட்டர் வரையான படகுகளுக்கே பொருந்தும். அதற்கு மேற்பட்டவை கப்பலுக்குரிய கடுமையான விதிகளை நெருங்குகின்றன.

சட்டம் ஓர் எண்ணைக் குறித்தவுடன் அவ்வெண்ணுக்குச் சற்றே கீழே படகுகள் கட்டப்படுவது வழக்கம். 24 மீட்டருக்குச் சில அங்குலங்களே குறைவாக வடிவமைக்கப்படும் படகுகள் உலகெங்கும் உள்ளன.

தமிழகத்தில் மீன்பிடிப் படகுகளைப் பொறுத்தவரை, இவ்வெல்லை வாழ்வாதாரத்தைத் தீர்மானிக்கின்றது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டமும் அதன் விதிகளும் கரையையொட்டிய கடற்பகுதியைப் பாரம்பரிய மீனவர்களுக்கு ஒதுக்கி, விசைப்படகுகளை அதற்கு அப்பால் செல்லப் பணித்தன. 2020ஆம் ஆண்டு விதிகள் மீன்பிடிப் படகின் நீளத்துக்கு 24 மீட்டரும் எந்திரத்துக்கு 240 குதிரைத்திறனும் என மேல் எல்லைகளைக் குறித்தன. கிழக்குக் கடற்கரையில் 2001 முதல் 45 நாட்களாக இருந்த மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் 61 நாட்களாக (ஏப்ரல் 15 - சூன் 14) நீட்டிக்கப்பட்டது. விசைப்படகுகள் இந்நாட்களில் கடலுக்குச் செல்வதில்லை. எந்திரமற்ற பாரம்பரியக் கலங்களுக்கு விலக்கு உண்டு.

எனவே துறைமுகமற்ற விழுப்புரம் கரையில் படகின் அளவு பற்றிய முடிவு, எங்கே மீன்பிடிக்கலாம், ஆண்டில் எத்தனை நாட்கள் பிடிக்கலாம் என்பவற்றையும் சேர்த்தே முடிவு செய்கின்றது. பெரிய படகு வாங்குபவர் தொலைவான கடலைப் பெறுகின்றார். ஆனால் தம் ஊர் மணலில் அதை நிறுத்த முடியாமல், துறைமுகம் உள்ள வேறு ஊரைச் சார்ந்திருக்க நேரிடுகின்றது. மணலில் ஏற்றத்தக்க படகை வைத்திருப்பவர் கரைக்கடலுக்குள் நின்றாலும், தம் வீட்டு வாசலுக்கு எதிரிலேயே தொழிலைத் தொடங்கி முடிக்க முடிகின்றது.